அக்கா நடக்கா, கேட்டியா

எல்லாரும் சொகமா இருக்கீங்களா? கை, காலு, மூட்டு எல்லாம் சொன்ன பேச்சு கேக்குதா? இங்க சாரல் ஆரம்பிச்சிருச்சு, நமக்கு அதை ரேடியோவுக்கு முன்னால முழங்காலு சொல்லிரும். சரி, இது இலஞ்சியில நடந்த பேச்சு. ஆனந்தவள்ளிக்கு இடுப்பு மூட்டு மாத்தி வச்சிருக்கு. குழலு, அதான் குழல்வாய்மொழி, அவ தம்பி பொண்டாட்டி. கூட இருந்து பாக்கா. ஜெனி, நடக்கச் சொல்லிக்குடுக்க வார பிசியோ பிள்ளை. இனி நான் வாயை மூடிக்கிடுதேன். அவுக பேசட்டும்.

குழலு: வாக்கரு முதல்ல... வாக்கரு முதல்ல மதினி. அப்புறம்தான் காலு.

ஆனந்தவள்ளி: தெரியும்ட்டி. வாக்கரு, ஆபரேஷன் காலு, நல்ல காலு. எனக்குக் கல்யாணமாகி வலது காலை எடுத்து வச்சப்பம் கூட ஒருத்தரும் இம்புட்டு பாடம் நடத்தலை.

குழலு: குனியாதீங்க.

ஆனந்தவள்ளி: கீழ பாக்காம மோட்டுவளையையா பாப்பாக?

குழலு: நேரா பாருங்க. என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே வாங்க.

ஆனந்தவள்ளி: அதுக்குக் கீழயே பாத்துட்டுப் போயிரலாம்.

குழலு: வாயி மட்டும் வாக்கரு இல்லாமலே ஓடுது.

ஆனந்தவள்ளி: இரு... இரு... நில்லு.

குழலு: என்ன மதினி? வலிக்கா? எங்கன, தையல் போட்ட இடத்துலயா?

ஆனந்தவள்ளி: வலியும் இல்லை ஒண்ணும் இல்லை. பேசாம இரு. அக்கா ஆரம்பிச்சுட்டா.

குழலு: என்னத்தை ஆரம்பிச்சாக?

ஆனந்தவள்ளி: கேக்கலியா? செவுத்துக்கு அந்தப் பக்கம். டொக்... அப்புறம் ஒரு இழுப்பு... டொக்...

குழலு: அது... பின்னால தோப்புல தேங்கா உரிக்காக மதினி.

ஆனந்தவள்ளி: தேங்கா உரிக்கவன் ஒரே இடத்துல நின்னு உரிப்பான். இது அடுக்களையில இருந்து முன்பக்கம் பட்டாசலுக்கு வருது. எனக்குத் தெரியாதா? வீட்டை எங்க ரெண்டு பேருக்கும் பிரிச்சப்பம் எங்க அப்பா ஒத்தைச் செங்கல்லுலதான் குறுக்கச் செவுரு வச்சாரு. அவ அந்தப் பக்கம் தும்முனா நான் இந்தப் பக்கம் மூக்கைத் துடைப்பேன்.

குழலு: சரி, நடங்க. அந்த ஜன்னல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிருவோம்.

ஆனந்தவள்ளி: அவ ஜன்னலைத் தாண்டிட்டா. பாரு, தாண்டிட்டா! எப்பவும் என்னைவிட ஒரு அடி கூட வைப்பா. நான் நின்னா அவளும் நிக்கா. ஆனா நான் நின்னதுக்கு அப்புறம்தான் நிக்கா. சின்னதுல இருந்தே அப்படி. பாயாசத்துல கூட ஒரு முந்திரி கூட வேணும் அவளுக்கு.

குழலு: டிவியைப் போடட்டுமா? பாட்டு கேட்டுக்கிட்டே நடக்கலாம்.

ஆனந்தவள்ளி: அமத்து. ஏட்டி, அமத்துங்கேன்லா! அவ சத்தம் கேக்காம நான் எப்படி நடப்பேன்?

குழலு: அமத்திட்டேன், அமத்திட்டேன்.

ஆனந்தவள்ளி: ஒரே டாக்டரு, ஒரே ஆபரேஷன். அவளுக்கு இடது இடுப்பு, எனக்கு வலது இடுப்பு. ரெண்டு பேரையும் பிரிச்சுச் சேத்தா ஒரு முழுப் பொம்பளை தேறுவா.

குழலு: நீங்க ஆஸ்பத்திரியில இருந்து வந்த புதுசுல எப்படிக் கிடந்தீங்க! கட்டிலை விட்டு எந்திரிக்க மாட்டேன்னு செவுத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டு. காலு பூசணிக்கா கணக்கா வீங்கி...

ஆனந்தவள்ளி: பயம்ட்டி. புதுசா வச்சது நழுவிருமோன்னு.

குழலு: டாக்டரு என்ன சொன்னாரு? நடக்காம கிடந்தா கால்ல ரத்தம் கட்டிரும், அது நெஞ்சுக்கு ஏறுனா...

ஆனந்தவள்ளி: ஏறுனா?

குழலு: ...ஏறக்கூடாதுன்னு சொன்னாரு.

ஆனந்தவள்ளி: ம். அப்பந்தான் ஒரு நாள் காலையில செவுத்துக்கு அந்தப் பக்கம் டொக் டொக்னு கேட்டுச்சு. நீ வந்து சொன்னே, "பெரிய மதினி நடக்க ஆரம்பிச்சுட்டாக, நீங்க இன்னும் படுத்துக் கிடக்கீக"ன்னு. எனக்கு ரோசம் வந்துட்டு.

குழலு: வந்துச்சுல்லா. அதான் வேணும்.

ஆனந்தவள்ளி: இப்பம் சீசன் முடியதுக்குள்ள நான் வாக்கரை விட்டுட்டுக் குத்தாலத்துல போயி நிக்கணும். என் காலுல. தண்ணி தலையில விழணும். அவளுக்கு முன்னால. அம்புட்டுத்தான் எனக்கு.

குழலு: நிப்பீங்க. நடங்க.

ஆனந்தவள்ளி: அவளைப் பாத்தும் எவ்வளவு நாளாச்சு. அவளும் படி இறங்கக்கூடாது, நானும் படி இறங்கக்கூடாது. போன் பண்ணுவோம்னா அந்தச் சனியன் போனைக் காதுல வைக்க மாட்டா. அவ மவன் குத்தாலிங்கம் எங்கட்டி? இங்கன எட்டியே பாக்கலை.

குழலு: சிவகிரியில. சீசன் பந்தோபஸ்துக்குப் போட்டிருப்பாக மதினி. போலீசு வேலைன்னா லீவு ஏது?

ஆனந்தவள்ளி: சிவகிரியில எந்த அருவிட்டி விழுது பந்தோபஸ்துக்கு?

குழலு: ...அங்க இருந்து இங்க போட்டிருப்பாக.

ஆனந்தவள்ளி: சரி, தேங்காப்பால் சொதி வச்சேல்லா, அக்காவுக்குக் கொண்டு குடுத்தியா?

குழலு: குடுத்துட்டேன்.

ஆனந்தவள்ளி: என்ன சொன்னா?

குழலு: நல்லா இருக்குன்னாக.

ஆனந்தவள்ளி: பொய் சொல்லுதே. அவ வாயில நல்லா இருக்குன்னு வராதே. உப்பு ஒரு கல்லு கம்மின்னுதான் சொல்லுவா.

குழலு: ஆமா... அதையும்தான் சொன்னாக.

ஆனந்தவள்ளி: என்னட்டி உனக்கு இப்படி வேர்க்கு? வெளிய சாரல் அடிக்கு.

குழலு: அடுப்படியில நின்னேன்லா. உக்காருங்க இப்பம். சேருல, சேருல! அந்தச் சின்ன ஸ்டூலுல உக்காரக்கூடாதுன்னு ஜெனி தலையால அடிச்சுக்கிட்டாளே. இடுப்பைவிட முழங்காலு மேல போகக்கூடாது. காலு மேல காலு போடாதீங்க!

ஆனந்தவள்ளி: அவ பாரு, இன்னும் உக்காரலை. கேளு. நடக்கா, நடந்துக்கிட்டே இருக்கா... மூச்சு வாங்குது குழலு. செவுத்துல காதை வச்சா மூச்சு வாங்குதது கேக்கு.

குழலு: செவுத்துல காதை வைக்காதீங்க மதினி!

ஆனந்தவள்ளி: ஏன்?

குழலு: ...ஈரச் செவுரு. காதுக்குள்ள சளி பிடிச்சிரும்.

* * *

ஜெனி: ஆன்ட்டி, புறவாசல்ல நிக்கேன், ஒரு நிமிஷம் வாரீங்களா? ஆச்சி காதுல விழ வேண்டாம்.

குழலு: வாரேன் ஜெனி. காப்பி குடிக்கியா? சுக்குப் போட்டிருக்கு.

ஜெனி: வேண்டாம் ஆன்ட்டி. நல்ல சேதிதான். இன்னைக்குப் படி ஏறி இறங்கச் சொல்லிக்குடுத்துட்டேன். ஏறும்போது நல்ல காலு முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் காலு முதல்ல. ஒரே தடவையில பிடிச்சுக்கிட்டாக. நாளையில இருந்து வாக்கரு வேண்டாம், கம்பு போதும்.

குழலு: நிசமாவா?

ஜெனி: நான் பாத்த ஆச்சிமாருல இம்புட்டு வேகமா யாரும் தேறலை. தையல் போட்ட இடமும் நல்லாக் காஞ்சிருச்சு. இனி தலைக்குத் தண்ணி ஊத்தலாம்.

குழலு: என்ன சொன்னே? தலைக்கு ஊத்தலாமா?

ஜெனி: தாராளமா. ஏன் ஆன்ட்டி, அழுதீங்க?

குழலு: அழலை... நீ சொல்லு.

ஜெனி: இன்னொண்ணு கேக்கணும்னு நினைச்சேன். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு யாரு வந்து பாக்கா?

குழலு: ...எந்த ஆச்சி?

ஜெனி: செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்கவுகதான். ரெண்டு நாளா உள்ள எக்சர்சைஸ் குடுக்கும்போது கேக்கேன். இடது காலை ரொம்ப இழுக்காக. வாக்கருக்குக் கீழ ரப்பரும் போயிருச்சு போல, தரையில நேரா கம்பி இடிக்கு. வழுக்கிரும். நான் வேணா ஒரு எட்டு பாத்துட்டுப் போகட்டுமா? காசெல்லாம் வேண்டாம்.

குழலு: உனக்குக் கேட்டுச்சா?

ஜெனி: நல்லாக் கேட்டுதே.

குழலு: நீ... இந்தத் துவைக்கிற கல்லுல உக்காரு ஜெனி.

ஜெனி: எதுக்கு ஆன்ட்டி?

குழலு: அந்த வீட்டுல ஆளு கிடையாது.

ஜெனி: என்னது?

குழலு: அது இவுக அக்கா வீடு. சண்முகசுந்தரி. இதே ஆபரேஷன்தான் அவுகளுக்கும். முதல்ல அவுக பண்ணிட்டு வீட்டுக்கு வந்தாக. ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்னு படுத்தே கிடந்தாக. அதுக்குள்ள சின்ன மதினியை ஆபரேஷனுக்குக் கொண்டு போயாச்சு. இவுக ஆஸ்பத்திரியில இருக்கும்போது அவுக... கால்ல ரத்தம் கட்டி, நெஞ்சுக்குப் போயி, ஒரு காலையில எழுப்பினா எந்திரிக்கலை.

ஜெனி: ஏசப்பா! ஆச்சிக்குத் தெரியாதா?

குழலு: சொல்லலை.

ஜெனி: ஏன் ஆன்ட்டி? கூடப் பிறந்தவுகல்லா!

குழலு: உங்கள்ல எப்படியோ தெரியாது. எங்கள்ல சாவுச் சேதி காதுல விழுந்தா உடனே தலை முழுகணும். கூடப் பிறந்த ரத்தம், முழுகாம இருக்கக்கூடாது. அப்பந்தான் தொடையைக் கிழிச்சுத் தையல் போட்டுக் கிடக்காக. தண்ணி பட்டா சீழ் பிடிக்கும்னு டாக்டரு சொல்லுதாரு. சேதியைச் சொல்லிட்டு முழுக்காம வைக்கவா? அதான் தையல் காயட்டும், அப்புறம் சொல்லுவோம்னு எல்லாரும் பேசி வச்சுக்கிட்டோம். உடம்பையும் சிவகிரிக்குக் கொண்டு போயி, அவுக மாப்பிள்ளை ஊருலயே எல்லாம் முடிச்சாச்சு.

ஜெனி: அப்பம் ஆச்சி தினமும் "அக்கா நடக்கா, அக்கா நடக்கா"ன்னு சொல்லுதது...

குழலு: நான்தான்.

ஜெனி: என்ன நீங்க?

குழலு: வந்த புதுசுல இவுகளும் எந்திரிக்க மாட்டேன்னு கிடந்தாகல்லா. அக்காவை மாதிரியே இவுகளும் போயிருவாகளோன்னு எனக்கு ஈரக்கொலை நடுங்கிப் போச்சு. அந்த வீட்டுச் சாவி என்கிட்ட இருந்துது. காலையில பால் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு அங்கன போவேன். பெரிய மதினிக்கு வாங்கின வாக்கரு, கவரு கூடப் பிரிக்காம மூலையில நின்னுது. கவரைக் கிழிச்சேன். அதை வச்சு அடுக்களைக்கும் பட்டாசலுக்கும் டொக் டொக்னு நடந்தேன். இங்க இவுக எந்திரிச்சுட்டாக.

ஜெனி: யம்மா... அப்பம் நான் கேட்டதும் நீங்கதானா? ஒரு நிமிஷத்துல பயங்காட்டிட்டீங்களே!

குழலு: நீ எப்பம் கேட்டே?

ஜெனி: எக்சர்சைஸ் குடுக்கும்போது... மத்தியானம்...

குழலு: அப்பம் நான் எங்க இருந்தேன்?

ஜெனி: ...ஆச்சி காலைப் பிடிச்சுக்கிட்டு, எனக்கு எதுத்தாப்புல.

குழலு: நான் காலையில மட்டுந்தான் நடந்தேன் ஜெனி. ஒரு வாரம் போயிருக்கும். ஒரு மத்தியானம் இங்கன நின்னு துவையல் அரைக்கேன், அங்கன டொக்... சர்ருனு ஒரு இழுப்பு... டொக். நான் ஒரு நாளும் காலை இழுத்து நடக்கலை. எனக்கு அது தோணவே இல்லை.

ஜெனி: கொரங்கா இருக்கும் ஆன்ட்டி. ஓட்டைப் பிரிச்சு உள்ள இறங்கிருக்கும். மலையடிவாரம்லா.

குழலு: கொரங்கு வாக்கரைப் பிடிச்சு நடக்குமா? அதுவும் இவுக நின்னா நிக்கும், இவுக நடந்தா நடக்குமா?

ஜெனி: கதவைத் திறந்து பாத்தீங்களா?

குழலு: எங்க பாக்க? போன வெள்ளிக்கிழமை குத்தாலிங்கம் வந்து பூட்டை மாத்திட்டு, புதுச் சாவியைச் சிவகிரிக்குக் கொண்டு போயிட்டான். அதோட நான் காலையில நடக்கதும் நின்னுபோச்சு. இப்பம் காலையிலயும் கேக்கு.

ஜெனி: உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா?

குழலு: அவரு இருக்கும்போது கேக்க மாட்டேங்கு. எனக்குக் கோட்டி பிடிச்சிருக்குன்னு சொல்லுவாரு. சொதியும் சோறும் எடுத்துட்டுப் போயி அக்காவுக்குக் குடுக்கேன்னு சொல்லி புறவாசல் செவுத்து மேல காக்காய்க்கு வைக்கேன். காக்கா கிட்ட வர மாட்டேங்கு ஜெனி. மோந்து பாக்கக் கூட வர மாட்டேங்கு.

ஜெனி: நான் ஒரு ஜெபம் பண்ணட்டுமா?

குழலு: பண்ணு தாயி. எந்தச் சாமி கேட்டாலும் சரி.

ஆனந்தவள்ளி: ஏட்டி குழலு! குழலூ!

குழலு: ஏன் மதினி! இந்தா வாரேன்!

ஆனந்தவள்ளி: அங்கனயே நில்லு! புறவாசல்ல இருந்து கேளு! அக்கா படி இறங்குதா!

ஜெனி: படி இறங்குதாகளா?

ஆனந்தவள்ளி: மூணு படியும் இறங்கிட்டாட்டி! ஆபரேஷன் காலை முதல்ல வச்சு, சரியா இறங்குதா! அவளுக்கு யாரு சொல்லிக்குடுத்தாளோ!

குழலு: ஜெனி... நீ இன்னைக்குத்தானே சொல்லிக்குடுத்தே?

ஜெனி: இப்பந்தான் ஆன்ட்டி. செத்த நேரம் முன்னால. செவுத்துக்கு இந்தப் பக்கம் நின்னு.

ஆனந்தவள்ளி: இனி எத்தனை அடி இருக்கு நம்ம வாசலுக்கு! நாளைக்கு இங்கன வந்திருவா பாரேன்!

குழலு: இல்லை. போதும். நாளைக்குக் காலையிலயே ஆட்டோ வச்சுக் குத்தாலம் கூட்டிட்டுப் போயிருதேன். தண்ணிக்குப் பக்கத்துல வச்சுச் சேதியைச் சொல்லி, அங்கனயே முழுக்காட்டிக் கூட்டிட்டு வந்திருதேன். அவுகளை முழுக்காம வச்சதுதான் தப்பு. அதுக்காகத்தான் இந்த நடை.

ஜெனி: அருவிக்குள்ள விட்டுராதீங்க. பாசி வழுக்கும். உசரமான சேரு ஒண்ணு எடுத்துக்கோங்க, ஓரமா உக்கார வச்சு வாளியில மொண்டு ஊத்துங்க. கம்பு நல்ல காலு பக்கம் இருக்கணும். ஆன்ட்டி...

குழலு: என்ன?

ஜெனி: சொன்னதும் ஆச்சி நடக்கதை நிப்பாட்டிட்டாகன்னா?

குழலு: அதைத்தான் நானும் ராத்திரி பூரா நினைச்சுக்கிட்டே கிடப்பேன்.

* * *

குழலு: பைய... கம்பியைப் பிடிச்சுக்கோங்க. அந்தப் பக்கம் போகாதீங்க, பாசி.

ஆனந்தவள்ளி: பிடிச்சிருக்கேன்ட்டி. நீ உன் பையைப் பிடி. அந்தக் கொரங்கு பஸ் ஸ்டாண்டுல இருந்து உன் ரம்புட்டானையே பாத்துட்டு வருது.

குழலு: சவத்தை, எடுத்துட்டுப் போகட்டும். சேரைப் போட்டுட்டேன், உக்காருங்க.

ஆனந்தவள்ளி: இரு. உக்காரத்தான் வீட்டுல சேரு இருக்கே. நிக்கேன். என் காலுல நிக்கேன்... எம்புட்டு தண்ணி பாரு! மெயினருவி பாலு காச்சி ஊத்துன மாதிரி விழுது. கூட்டமும் இல்லை. அந்தப் போலீஸ்காரப் பிள்ளை என்ன சொல்லுதா?

குழலு: பாட்டி ஓரமா நின்னு குளிக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லுதா.

ஆனந்தவள்ளி: யாரு பாட்டி? அவளும் ஒரு நாள் இடுப்பை மாத்துவா, அப்பம் தெரியும்.

குழலு: மதினி...

ஆனந்தவள்ளி: நிக்கேன் பாத்தியா? வாக்கரு இல்லை. உன் கை இல்லை. கம்புகூட சும்மா பேருக்குத்தான்.

குழலு: பாத்தேன். மதினி, உக்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

ஆனந்தவள்ளி: சொல்லு. இந்த இரைச்சல்ல காதுல ஒண்ணும் விழாது, சத்தமாச் சொல்லு.

குழலு: சத்தமாச் சொல்லுத விஷயம் இல்லை. பக்கத்துல வாங்க... மதினி, பெரிய மதினி... அவுக...

ஆனந்தவள்ளி: ஊத்து.

குழலு: என்னது?

ஆனந்தவள்ளி: வாளியை எடுத்து என் தலையில தண்ணியை ஊத்து. அதுக்குத்தானே கூட்டிட்டு வந்திருக்கே.

குழலு: மதினி!

ஆனந்தவள்ளி: எங்க அக்கா செத்துப்போயிட்டா. எனக்குத் தெரியும். ஊத்து.

குழலு: யாரு சொன்னா? ஜெனி சொன்னாளா? எப்பம் தெரியும்?

ஆனந்தவள்ளி: ஆஸ்பத்திரியிலயே தெரியும். உன் மாப்பிள்ளை, என் தம்பி சுடலைமணி, ஒரு காலையில கட்டில் பக்கத்துல வந்து நிக்கான். தலை எல்லாம் ஈரம், முடியில தண்ணி சொட்டுது. என்னலே இதுன்னேன். எண்ணெய் தேச்சுக் குளிச்சேங்கான். அன்னைக்கு வியாழக்கிழமை. எங்க வீட்டு ஆம்பிளைக புதனும் சனியும் அல்லாம எண்ணெய் தொட்டது கிடையாது. எண்ணெய் வாடையும் இல்லை அவன் மேல. கண்ணு ரெண்டும் கொவ்வைப் பழம் மாதிரி சிவந்து கிடக்கு. அப்புறம் எனக்கு ஒருத்தன் வந்து சொல்லணுமாக்கும்?

குழலு: தெரிஞ்சுக்கிட்டேவா இத்தனை நாளும் "அக்கா நடக்கா, அக்கா நடக்கா"ன்னு...

ஆனந்தவள்ளி: முதல்ல நடந்தது நீதான்னும் தெரியும். ரெண்டு காலும் நல்லா இருக்கவ நடை அது. துள்ளிக்கிட்டுப் போவே. நீ போயிட்டு வந்து "பெரிய மதினி நடக்காக"ன்னு மூச்சு வாங்கிக்கிட்டே சொல்லுவே. எனக்குச் சிரிப்பாணியும் வரும், அழுகையும் வரும். எனக்காக ஒருத்தி இப்படிக் கிடந்து மெனக்கெடுதாளே, இவளுக்காகவாவது எந்திரிப்போம்னுதான் முதல்ல எந்திரிச்சேன்.

குழலு: அப்பம் மத்தியானம் கேட்டது?

ஆனந்தவள்ளி: அது அவ.

குழலு: மதினி, எனக்கு உடம்பெல்லாம் சிலுக்குது.

ஆனந்தவள்ளி: ஏன்ட்டி சிலுக்கணும்? எங்க அக்காட்டி அவ. உசுரோட இருக்கும்போது ஒரு அடி வைக்க மாட்டேன்னு கிடந்தா. குத்தாலிங்கம் கெஞ்சினான். டாக்டரு ஏசினாரு. நான் இந்தப் பக்கம் இருந்து செவுத்துல தட்டித் தட்டிச் சொன்னேன், "எந்திரிக்கா, நடக்கா, நீ நடந்தாத்தான் நானும் தைரியமா ஆபரேஷனுக்குப் போவேன்"னு. அப்பம் நடக்கலை. இப்பம் நடக்கா. யாருக்காக நடக்கா, சொல்லு?

குழலு: உங்களுக்குத் தெரியும்னா ஏன் மதினி சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இத்தனை நாளா செத்துச் செத்துப் பிழைச்சிருக்க மாட்டேனே.

ஆனந்தவள்ளி: சொல்லிட்டா முழுக்காட்டிருவீக.

குழலு: ஆமா, அதுதானே முறை.

ஆனந்தவள்ளி: முழுகிட்டா அவ போயிருவா. கூடப் பிறந்தவ தலையில தண்ணி விழுந்துட்டா அதோட உறவு முடிஞ்சுது. அவ போயிட்டா நான் யாரோட போட்டி போட்டு நடப்பேன்? இந்தக் காலுக்கு முதல்ல அவ சத்தம் வேணும். அப்புறம்தான் ரத்தம் ஓடும்.

குழலு: ...இப்பம்?

ஆனந்தவள்ளி: இப்பம் நிக்கேன்லா. ஊத்து. கண்ணைத் துடைச்சுட்டு ஊத்து, தண்ணி எது கண்ணீரு எதுன்னு தெரியாது எப்படியும்.

குழலு: ஊத்துதேன். கம்பை விட்டுராதீங்க... பாத்து... குளிருதா?

ஆனந்தவள்ளி: குளிருது. இன்னொரு வாளி ஊத்து... இன்னும் ஒண்ணு... போதும். போதும்ட்டி.

குழலு: இந்தாங்க துண்டு. நான் துவட்டுதேன், நீங்க குனியாதீங்க.

ஆனந்தவள்ளி: இந்தக் காலு நிக்குது பாரேன், தண்ணி இந்தப் போடு போட்டும்.

குழலு: வீட்டுக்குப் போயி சுடச்சுடக் கஞ்சி வச்சுத் தாரேன். உக்காருங்க இப்பம்... மதினி, ஒண்ணு கேக்கட்டுமா?

ஆனந்தவள்ளி: கேளு.

குழலு: நேத்து படி வரைக்கும் இறங்குச்சு. இன்னைக்கு நாம கிளம்பும்போது அங்கன ஒரு சத்தமும் இல்லை. நானும் காதைத் தீட்டிக்கிட்டே இருந்தேன். உங்க தலையில தண்ணி விழுததுக்கு முன்னாலயே எப்படி நின்னுச்சு?

ஆனந்தவள்ளி: நான்தான் நிறுத்திட்டேன்.

குழலு: எப்பம்?

ஆனந்தவள்ளி: நீ தெரு முக்குக்கு ஆட்டோ கூப்பிடப் போனேல்லா, அப்பம்.

குழலு: என்ன பண்ணுனீங்க?

ஆனந்தவள்ளி: அவ நம்ம வாசப்படி ஏறி வந்துட்டா குழலு. நல்ல காலை முதல்ல வச்சு, ஒவ்வொண்ணா. கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு மூச்சு வாங்குதா. எனக்குப் பொறுக்க முடியலை. கதவைத் திறக்காம உள்ள இருந்தே சொன்னேன், "அக்கா, நான் தேறிட்டேன். இன்னைக்கு முழுகிருதேன். செத்துப்போனவ எதுக்குக்கா இன்னும் இங்கன கிடந்து கஷ்டப்படுதே, போயிரு"ன்னு. வாக்கரு கீழ விழுந்த சத்தம் கேட்டுச்சு. அப்புறம் பைய கேக்கா... "யாரு வள்ளி செத்துப்போனது?"ன்னு. அவகிட்டயும் நீங்க ஒருத்தரும் சொல்லலைன்னு எனக்கு எப்படிட்டி தெரியும்?

உங்க வீட்டுலயும் யாருக்காவது இந்த இடுப்பு ஆபரேஷன் ஆகியிருந்தா, எப்படித் தேறினாக, யாரு கூட நின்னு நடக்க வச்சா, எழுதிப் போடுங்க. செவுத்துக்கு அந்தப் பக்கம் ஏதாச்சும் கேட்டிருந்தாலும் மறைக்காம எழுதுங்க, நான் பகல்ல உக்காந்து வாசிச்சுக்கிடுதேன்.